அடைமழையில் வெண்பனி செய்யப் போன கதை

மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் அலங்காரம், வளைகாப்புத் தட்டு, கொலு மேடை ஆகியவற்றைச் செய்துகொடுப்பது ஏழு ஆண்டுகளாக என் தொழில். 2024 நவம்பர் 22 அன்று நாகப்பட்டினம் பக்கத்திலுள்ள ஒரு பள்ளியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, டிசம்பர் 20 அன்று நடக்கவிருந்த கிறிஸ்துமஸ் விழாவுக்கு மேடை அலங்காரம் வேண்டும் என்றார்கள். பனி மூடிய ஒரு கிராமம், அதில் ஒரு குடிசை, இலையுதிர்ந்த இரண்டு மரங்கள், நாடகத்தின் முடிவில் மேலிருந்து கொட்டும் பனி, பிள்ளைகள் ஒருவர்மீது ஒருவர் எறிந்து விளையாட 300 பனி உருண்டைகள் என்று பட்டியல் சொன்னார்கள். பஞ்சும் தெர்மகோலும் இருந்தால் போதாதா என்ற நினைப்பில், ஐந்தே நிமிடத்தில் 18,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, 6,000 ரூபாய் முன்பணத்தையும் வாங்கிவிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளுக்குத்தான் அடுத்த நான்கு வாரமும் பணமாகவும் தூக்கமாகவும் விலை கொடுத்தேன். அப்போது யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று பல இரவுகள் ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நம் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் கூரை ஓலையை நனைத்து, வைக்கோல் போரின்மேல் முத்து முத்தாக நிற்பதுதான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் பெரியவர்கள் சொன்னதும் அந்த ஈரத்தைப் பற்றித்தான். வானத்திலிருந்து பூப்போல இறங்கி முழங்காலளவு குவியும் பனியை டெல்டாவில் கண்டவர் இல்லை. ஆகவே அதைப் போலியாகச் செய்யும் பழக்கமும் கைவழக்கமாக யாரிடமும் இல்லை. நான் பார்த்த செய்முறைக் காணொளிகள் எல்லாம் டிசம்பரில் காற்று வறண்டு கிடக்கும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே ஒரு மணி நேரத்தில் காய்வது இங்கே கார்த்திகை மாதத்தில் எத்தனை நாளானாலும் காயாது என்பது எனக்கு உறைக்கவே பத்து நாள் ஆயிற்று.

முதலில் மருந்துக்கடையில் விற்கும் அரைக்கிலோ பஞ்சு உருளைகள் எட்டினை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, அதில் பஞ்சைத் தோய்த்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தட்டுகளில் அடுக்கினேன். இரண்டு நாளில் 90 உருண்டைகள் ஆயின. அந்த வாரம் வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு வலுத்து, மயிலாடுதுறையிலும் நாகையிலும் விடாமல் மழை பெய்தது. அதுதான் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல். உருண்டைகளைக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தேன். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தபோது மேல்தோல் மட்டும் விறைத்து, உள்ளே கஞ்சிபோல் ஈரமாக இருந்தது. ஐந்தாம் நாள் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சைப் புள்ளிகள் வந்தன. அன்றிரவே எலி வந்து பத்துப் பன்னிரண்டைக் கடித்து இழுத்துப் போட்டிருந்தது. புளித்த மாவு நாற்றம் வீடு முழுவதும் பரவியது.

என் மாமியாரின் தகப்பனார் புத்தகம் பைண்டு செய்பவர். அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, பசையில துத்தம் போடாம விட்டியா? அதுவும் ஐப்பசி, கார்த்திகையில மைதாப் பசை காயுமா?" என்று கேட்டார். பைண்டிங் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் கையிலெடுத்து விளையாடும் பொருளில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 90 உருண்டைகளையும் குப்பையில் போட்டேன். மருந்துக்கடைப் பஞ்சைப் பற்றிப் பிறகுதான் ஒன்று புரிந்தது. காயத்தை ஒற்றுவதற்காக, பஞ்சின் இயற்கையான மெழுகை நீக்கி, நீரை உறிஞ்சும்படியே அதைத் தயாரிக்கிறார்கள். அது பசையையும் குடிக்கும், மழைக்காலத்துக் காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். ஐப்பசி முதல் தை வரை மாவுப் பசையை நினைத்தே பார்க்காதீர்கள். பெவிகால் போன்ற வெள்ளைப் பசையானாலும் மேலே மெல்லிய பூச்சாகத் தடவலாமே தவிர, பஞ்சை அதில் முக்கக் கூடாது. எதைச் செய்தாலும் முதலில் ஐந்தே ஐந்து செய்து, இரண்டு இரவு திண்ணையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தொண்ணூறுக்குப் போங்கள்.

அடுத்து தெர்மகோல். ஆயத்தமாக விற்கும் வெள்ளைப் பந்துகள் 300 வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, பலகைகளும் மணிகளும் சேர்த்து 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். பலகையை அரைவட்டமாகக் குடைந்து இரண்டிரண்டாக ஒட்டுவது திட்டம். வெள்ளைப் பசை மழையில் காயாமல் என்னை ஏமாற்றிய கோபத்தில், செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் போடும் மஞ்சள் ரப்பர் பசையை வாங்கித் தடவினேன். தடவிய இடத்தில் தெர்மகோல் சிணுங்கிக்கொண்டே உள்வாங்கிக் குழியானது. ஒரு நிமிடத்தில் அரை உருண்டையைக் காணோம். தெர்மகோல் என்பது பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை உப்பவைத்தது. தின்னர், பெட்ரோல், டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பட்டால் அது கரைந்துவிடும். ரப்பர் பசையில் இருப்பதும் அத்தகைய கரைப்பான்தான். டப்பாவிலிருந்து பீய்ச்சும் பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான் என்பதை, மிச்சமிருந்த ஒரு பலகையைப் பலிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு பசைகளுக்குமாக 650 ரூபாய் போயிற்று.

சரி, பலகையைச் சீவித் தூளாக்கித் தரையில் தூவலாம் என்று தேங்காய்த் துருவியில் துருவினேன். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து துருவியதுதான் நான் செய்த பெரிய பிழை. ஒரு சின்னக் காற்று வந்ததும் பாதித் தூள் வேலியைத் தாண்டி வாய்க்காலில் மிதந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் நாலு வயலைத் தாண்டிப் பெரிய வாய்க்காலில் சேர்கிறது. சம்பா நடவு முடிந்து பயிர் நின்ற நேரம். பக்கத்து வயல்காரரான பெரியப்பா வரப்பிலிருந்தே, "வாய்க்கால்ல என்னம்மா வெள்ளையா வருது? அறுத்ததும் வாத்து மேய விடுவோம். இதத் தின்னுட்டுச் செத்தா யாரு பொறுப்பு?" என்று சத்தம் போட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வடிகட்டியும் முறமும் எடுத்துக்கொண்டு முழங்காலளவு நீரில் இறங்கி, இரண்டு மணி நேரம் அள்ளினேன், பாதிகூடக் கிடைக்கவில்லை. அன்றிரவு விவரம் தேடியபோதுதான், அலங்காரத்துக்கான தெர்மகோல் நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் தெர்மகோல் தட்டுக்கு 2019இலிருந்தே தடை உண்டு என்பது எனக்குத் தெரியும். அலங்காரத் தொழிலில் இருந்துகொண்டு, அலங்காரத்துக்கே தடை வந்தது தெரியாமல் இருந்தேன் என்பதுதான் வெட்கம். கடைக்காரர் திரும்பப் பெற மறுத்தார். தடைசெய்த பொருளைத் திருப்பித் தருகிறேன் என்று உரக்கச் சண்டை போடவும் முடியவில்லை.

இடையில் மூன்று கிலோ இலவம் பஞ்சை 900 ரூபாய்க்கு வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். அதன் இழையில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் நீர் ஒட்டாது. அதனால் பூஞ்சை பிடிக்காது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் நீர் ஒட்டாத இழையில் நீர் கலந்த பசையும் ஒட்டவில்லை. பிரித்த அரைமணி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தும்மல். போதாக்குறைக்கு அது நெருப்புப் பொறி பட்டால் பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும். தலையணைக்கு உதவியது, அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் வாரம் முடியும்போது கையில் ஓர் உருண்டைகூட இல்லை. 5,250 ரூபாய் போய்விட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கணவரிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் யோசித்தேன். மீட்சி வந்தது ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில். வண்டியைப் பழுதுபார்க்க விட்டிருந்த இடத்தில், மெக்கானிக் தம்பி கிரீஸ் துடைக்க ஒரு வெள்ளைத் துணியை உருவினார். 'பனியன் வேஸ்ட்' என்று கிலோக் கணக்கில் விற்பது, திருப்பூரிலிருந்து வருவது. பனியனிலேயே பனி இருக்கிறதே என்று எனக்குள் சிரித்துக்கொண்டதுதான் அந்த மாதத்தின் முதல் சிரிப்பு. வெள்ளையாகப் பார்த்து எட்டுக் கிலோவை 720 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் பாதிதான் கறையில்லாமல் தேறியது. உள்ளே அடைக்க, தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு ஆறு கிலோ, 1,080 ரூபாய்.

செய்முறை எளிது. ஒரு சாண் குறுக்களவில் துணியை வட்டமாக வெட்டி, விளிம்பைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டு, நடுவில் பஞ்சை வைத்து நூலை இழுத்தால் சுருங்கிப் பந்தாகிவிடும். வாயை நாலு தையலில் மூடிவிடலாம். முதலில் 40 கிராம் பஞ்சைத் திணித்தேன். அதை என் மகன்மேல் எறிந்தபோது அவன் முகம் சுளித்தான். 15 கிராம்தான் சரியான அளவு. எறிந்தால் போய் விழும், பட்டால் வலிக்காது. பனியன் துணியின் மங்கலான மஞ்சள் போக, தைக்கும் முன் சொட்டு நீலம் கலந்த நீரில் அலசினேன். இந்த நீலம் இன்னொரு விதத்திலும் உதவியது. பனி வெறும் வெள்ளை அல்ல; அதன் நிழல் பக்கம் இளநீலமாகத் தெரியும். முழு வெள்ளையாக விட்டால் மேடையில் சுண்ணாம்பு உருண்டைபோல இருக்கும். தெருவிலிருந்து இரண்டு அக்காமார்களைக் கூலிக்கு வைத்து, மூன்று நாளில் 300 உருண்டைகளையும் முடித்தோம். கூலி 3,000 ரூபாய். அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு இன்றுவரை தெம்பு தரும் செய்தி.

மரங்களுக்குப் பனி படிந்த தோற்றம் வர, காய்ந்த கொம்புகளில் பசை தடவிப் பொடித்த கல்லுப்பைத் தூவினேன். பகலில் மின்னியது. காலையில் பார்த்தால் கொம்பிலிருந்து நீர் சொட்டி, தரையில் குட்டை கட்டி நின்றது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கிவிடும். கார்த்திகை இரவில் நம் பக்கம் ஈரப்பதம் அதற்கு மேல்தான் நிற்கும். நான் பிறந்தது வேதாரண்யம் பக்கம். மழைக்கு முன் உப்பு அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கே இது தோன்றவில்லை என்றால் என்ன சொல்வது? பிறகு உரக்கடையில் மக்னீசியம் சல்பேட் மூன்று கிலோ வாங்கி, கொதிக்கும் நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, அதில் கொம்புகளை முக்கி வைத்தேன். ஆற ஆற ஊசி ஊசியாகப் படிகங்கள் கொம்பில் பூத்து நின்றன. இதைத்தான் மருந்துக்கடையில் பேதி உப்பு என்று விற்கிறார்கள். பெயரே சொல்கிறபடி, பிள்ளைகள் வாயில் வைத்தால் மறுநாள் பள்ளிக்கு வரமாட்டார்கள். உரக்கடைச் சரக்கு வாய்க்கு ஆகாததும்கூட. எனவே கொம்புகளைக் கைக்கெட்டாத உயரத்தில் கட்டினேன்.

கொட்டும் பனிக்கு வழி கிடைத்தது, கும்பகோணத்துக்குப் பேருந்தில் போகும்போது. குத்தாலத்தைத் தாண்டி நரசிங்கம்பேட்டை வந்ததும், மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளுக்குக் கட்டும் நெட்டி மாலை நினைவுக்கு வந்து, இறங்கிவிட்டேன். நெட்டி என்பது குளம் குட்டைகளில் வளரும் ஒரு நீர்ச்செடி. அதன் தண்டைக் காயவைத்துத் தோலைச் சீவினால் உள்ளே இருப்பது தூய வெள்ளை; எடையே இல்லாதது போல் இருக்கும். இதில் கோயில் கோபுரமும் பெட்டியும் செய்யும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொங்கலுக்கான வேலை தொடங்கியிருந்ததால் அந்த வீட்டில் சாயம் ஏற்றாத தண்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. நான் கேட்டதும் பெரியவர், "பனியா? இது மாட்டு கழுத்துல கட்டுறதும்மா" என்று சிரித்தார். பிறகு அவரே ஒரு தண்டை எடுத்துக் கத்தியால் தாள்போலச் சீவி, கையை உயர்த்தி விட்டுக் காட்டினார். அது சுழன்று, தயங்கி, மிதந்து இறங்கியது. வெட்டிய காகிதம் இப்படி விழாது. அது சரிந்து ஓடிவிடும். கழிவுச் சீவல் ஒரு மூட்டையும், தனியாகச் சீவிக் கொடுத்த மெல்லிய சுருள்களுமாக 800 ரூபாய் ஆயிற்று. பணத்தைவிட, எட்டு நாளாக எங்கெங்கோ தேடிய பொருள் என் ஊரிலிருந்து ஒரு மணிப் பயணத் தொலைவில் கிடந்திருக்கிறதே என்பதுதான் உறுத்தியது. நெட்டியும் ஈரத்தை உறிஞ்சிப் பழுப்பேறும். வாங்கியவுடன் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். மேடைக்கு மேலே நீளமான துணியைத் தொட்டில்போல இரு கயிறுகளில் கட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாகக் கீறல்கள் போட்டு, அந்தப் பக்கக் கயிற்றை மெல்ல ஆட்டினால் போதும், பனி தூவத் தொடங்கும்.

நெருப்பைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும். வீட்டில் ஒளி பார்ப்பதற்காக, தெரிந்த ஒலி-ஒளிக்காரரிடமிருந்து 500 வாட் ஹாலஜன் விளக்கு வாங்கிவந்து, மீந்திருந்த மருந்துக்கடைப் பஞ்சை மலைபோல் குவித்து அதன் அருகே வைத்தேன். அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பஞ்சு பழுப்பாகிப் புகையத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு நடுங்கிய கை மறுநாள்வரை நிற்கவில்லை. மேடையில் முப்பது பிள்ளைகள் நிற்கும்போது இது நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. பஞ்சுப் பனி தீப்பிடிக்கிறது என்பதற்காக 1930, 40களில் அமெரிக்காவில் கல்நாரையே (ஆஸ்பெஸ்டாஸ்) அலங்காரப் பனியாக விற்றிருக்கிறார்கள். நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் தருவது அந்தக் கல்நார். ஒரு கேட்டுக்குப் பயந்து இன்னொரு கேட்டை வீட்டுக்குள் அழைத்த கதை.

நான் செய்தது இதுதான். விளக்குகள் அனைத்தையும் எல்.இ.டி.யாக மாற்றி, 1,500 ரூபாய் வாடகை கொடுத்தேன். பின்திரைப் பருத்தித் துணியை மட்டும், வெண்காரம் (போராக்ஸ்) ஏழு பங்கு, போரிக் பவுடர் மூன்று பங்கு என்று நீரில் கரைத்து, அதில் நனைத்துக் காயவைத்தேன். ஏறத்தாழ இரண்டு லிட்டர் வெந்நீருக்கு 200 கிராம் வெண்காரமும் 85 கிராம் போரிக்கும் என்பது கணக்கு. கேரம் பலகையில் தூவும் அதே போரிக் பவுடர்தான். இப்படிச் செய்த துணி எளிதில் தழல்விட்டு எரியாது. ஆனால் மீண்டும் நனைந்தால் மருந்து கரைந்து போய்விடும். இரண்டும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை என்பதால் பிள்ளைகள் கை படும் எதிலும் பயன்படுத்தவில்லை. தரைக்கு விரித்த பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு 3,000 ரூபாய். அது பஞ்சைப்போலப் பொசுக்கென்று பற்றாவிட்டாலும், எரிந்தால் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நாடகத்தில் ஆறு பிள்ளைகள் மெழுகுவத்தி ஏந்தி வரும் காட்சி இருந்தது. அதைப் பேட்டரி விளக்காக மாற்றினால்தான் செய்வேன் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த ஒரு விஷயத்தில் நான் வாடிக்கையாளரிடம் விட்டுக்கொடுக்கவில்லை. நுரைப்பனி டப்பாக்களையும் வேண்டாம் என்றேன். அவற்றில் நுரையைத் தள்ளும் வாயு எரியக்கூடியது. கண்ணில் பட்டால் எரிச்சலும் உண்டு.

கடைசியாக, மேடையின் முன்விளிம்பில் பார்த்தாலே பனி என்று சொல்லும்படி கொஞ்சம் பொலபொலப்பான பொருள் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் தூளை இணையவழியில் இரண்டு கிலோ, 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். குழந்தை டயாப்பருக்குள் இருக்கும் பொருளின் உறவுதான். ஆனால் டயாப்பர்த் தூள் நீர் பட்டால் கூழாகும். பனிக்கென்றே விற்கும் தூள் தனித்தனித் துகளாகப் பொங்கும். வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஒரு தேக்கரண்டித் தூளில் குழாய்நீர் ஊற்றினேன். கண்ணெதிரே பொங்கி ஒரு டம்ளர் நிறையப் பனியானது. மனம் நிறைந்துவிட்டது. டிசம்பர் 19 அன்று பள்ளிக்குப் போய், அங்கிருந்த ஆழ்குழாய் நீரை ஊற்றிக் கலக்கினால், பொங்குவதற்குப் பதிலாக ஈரமணல்போலப் படிந்துகிடந்தது. இன்னும் தூள், இன்னும் தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அரைக்கிலோ வீணானது. மாலை ஆறு மணி. தனியாக அந்த மேடையில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் கொண்டுவந்த ஆயா, "அது உப்புத் தண்ணிம்மா, பருப்பே வேகாது" என்று சொன்னபோதுதான் பொறி தட்டியது. அந்தத் தூள் நீரை உள்ளே இழுப்பதே உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள உப்புச் செறிவின் வேறுபாட்டால். வெளிநீரிலேயே உப்பு இருந்தால் இழுவிசை குறைந்துவிடும். கடினநீரிலுள்ள கால்சியம் அதன் சங்கிலிகளை இறுக்கிக் கட்டியும் விடும். கடையிலிருந்து 20 லிட்டர் கேன் தண்ணீர் நான்கு வாங்கி ஊற்றியதும், மீதித் தூள் சொன்னபடி பொங்கியது. கடலோர ஊரில் வேலை என்றால், ஒப்புக்கொள்ளும் முன்பே அந்த ஊர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அது வழுக்கும் என்பதையும் நான் முன்பே யோசிக்கவில்லை. ஒத்திகையில் ஒரு சிறுமி சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். உடனே எல்லாவற்றையும் தட்டுகளில் அள்ளி, யாரும் நடக்காத விளிம்பில் மட்டும் வைத்தேன். விழா நன்றாகவே நடந்தது. நெட்டிச் சுருள்கள் இறங்கத் தொடங்கியதும் அரங்கில் ஒரு கணம் சத்தமே இல்லை. முன்வரிசையிலிருந்த ஒரு பொடியன் மட்டும் எழுந்து கையை நீட்டி, "டீச்சர், இது குளிருமா?" என்று கேட்டான். பிள்ளைகள் உருண்டைகளை மேடையோடு நிறுத்தாமல் பெற்றோர்மேலும் எறிந்தார்கள். அவற்றில் நாற்பதுக்கு மேல் திரும்பி வரவில்லை. யார் வீட்டுத் தொட்டிலிலோ கிடக்கட்டும்.

மறுநாள் நான் போவதற்குள், சுத்தம் செய்தவர்கள் தட்டிலிருந்த பனியைக் கைகழுவும் தொட்டியில் கொட்டி நீரை விட்டிருந்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டது. தவறு அவர்களுடையது அல்ல. கொட்டக் கூடாது என்று நான் எழுதி ஒட்டியிருக்கவேண்டும். இந்தப் பனியை வெயிலில் பரப்பினால் சுருங்கித் தூளாகும். எடுத்துவைத்து மறுபடி பயன்படுத்தலாம், அல்லது குப்பையில் போடலாம். அவசரமென்றால் கல்லுப்பைத் தூவினால் நீரைக் கக்கிச் சுருங்கிவிடும். அடைத்த குழாயையும் ஒரு வாளி உப்புநீரை ஊற்றித்தான் கடைசியில் திறந்தோம். ஆனாலும் பிளம்பர் கூலி என்று 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 16,500 தான் கொடுத்தார்கள். வண்டி வாடகை 2,500, கேன் தண்ணீர், உரக்கடை உப்பு போன்ற சில்லறைகள் 350 எல்லாம் சேர்த்து என் செலவு 20,100 ரூபாய். கையிலிருந்து 3,600 ரூபாய் போனது. நான்கு வார உழைப்புக்குக் கூலி எதுவும் இல்லை. வீணான 5,250 மட்டும் இல்லாதிருந்தால் சொற்பமாவது மிஞ்சியிருக்கும். இப்போது இத்தகைய வேலைக்கு விலை சொல்லும்போது, மாதிரி செய்து பார்க்கும் செலவு என்று தனியாக 2,000 ரூபாய் கேட்கிறேன். கேட்பவர்கள் முதலில் முகத்தைச் சுளிக்கிறார்கள், பிறகு கொடுத்துவிடுகிறார்கள்.

உருண்டைகளைத் துவைத்துக் காயவைத்து மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அந்தத் தெர்மகோல் மூட்டையும் இருக்கிறது. பழைய சாமான் எடுப்பவரிடம் கேட்டேன். எடை வராது என்று தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். எரிக்கவும் முடியாது, வாய்க்காலுக்குப் பயந்து வெளியே வைக்கவும் முடியாது.